படுக்கையறையில் இருக்கிறார் அதிகாரி

விக்டோரியா மகாராணி காலத்தில் சர்க்கரை வியாபாரம் செய்து கொழுத்த ஒருவர், தனக்கும் மனைவிக்கும் ஒன்பது பிள்ளைகளுக்கும் என்று கட்டிய வீடு அது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், வளைந்து ஏறும் தேக்குப் படிக்கட்டு, தேவையிருக்கிறதோ இல்லையோ அறைக்கொரு கணப்படுப்பு. வியாபாரி போய், பிள்ளைகள் போய், பேரப்பிள்ளைகள் வழக்காடிக் களைத்துப் போனபின் அரசாங்கம் வீட்டை எடுத்து அலுவலகமாக்கியது. அதே வாரம் அரசாங்கத்தின் இன்னொரு துறை அதைப் பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்தது. இரண்டு துறைகளும் ஓராண்டு சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தன: அலுவலகம் நடத்திக்கொள்ளலாம், ஆனால் வீடு வீடாகவே இருக்க வேண்டும். "இல்லத்தின் இல்லத்தன்மை எள்ளளவும் குறையலாகாது" என்பது அந்த உத்தரவின் நான்காம் பத்தி.

ஆகவே எந்த அறையின் பெயரும் மாறவில்லை. பிறப்பு இறப்புப் பதிவு குழந்தைகள் அறையில் நடந்தது. நில அளவை சமையலறையில். குறைதீர்ப்புப் பிரிவுக்குக் குதிரை லாயம் கிடைத்தது. ஓய்வூதியப் பிரிவின் பொறுப்பாளரம்மா குளியலறையில் பளிங்குத் தொட்டியின் மேல் பலகை போட்டு அதையே மேசையாக்கிக்கொண்டிருந்தார். "மேடம் குளியலறையில இருக்காங்க, நம்பர் கூப்பிட்டா உள்ள போங்க" என்று வாசல் காவலாளி சொல்லும்போது, ஓய்வு பெற்ற வாத்தியார்கள் இரண்டடி பின்வாங்குவார்கள்.

இந்த வீட்டுக்குத்தான் அன்று காலை ஒன்பதரை மணிக்குச் சாவிக்காரர் வந்து சேர்ந்தார். பேருந்து நிலைய மூலையில் ஆறடிக்கு நாலடியில் ஒரு கடை வைத்து இருபத்தாறு வருடமாகப் பூட்டு ரிப்பேர் பார்ப்பவர். ஊரில் பாதிப்பேர் என்றைக்கோ ஒருநாள் தங்கள் சொந்த வீட்டுக்குள் நுழைய அவர் தயவை எதிர்பார்த்து வாசலில் நின்றவர்கள். அவருடைய ஒரே மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்தத் தெருவில் அப்படி ஓர் இடம் யாருக்கும் கிடைத்ததில்லை. இருப்பிடச் சான்றை அன்று மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தால் இடம் அவளுக்கு; ஐந்தைத் தாண்டினால் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவளுக்கு. மகள் கல்லூரி வரிசையில் போய் நின்றுவிட்டாள். சான்று தயாராகிவிட்டது, கையெழுத்தும் முத்திரையும்தான் பாக்கி என்று நேற்றே தாளைக் கையில் கொடுத்திருந்தார்கள்.

முத்திரை எழுத்தர் கீழே, ஒரு காலத்தில் விருந்தினர் கோட்டு மாட்டிய சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே பன்னிரண்டு பித்தளைக் கொக்கிகள். ஒன்றில்கூட எதையும் மாட்டக் கூடாது என்பதால், அவர் குடையை மடியில் வைத்திருந்தார்.

"சான்று அதிகாரியைப் பார்க்கணும் சார். ஒரே ஒரு கையெழுத்து."

"சார் படுக்கையறையில இருக்கார்."

"எப்ப எழுந்திருப்பார்?"

எழுத்தர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "முழிச்சுக்கிட்டுதான் இருக்கார். உள்ள மாட்டிக்கிட்டார். ஒன்பது பத்துக்குக் காத்தடிச்சுக் கதவு சாத்திக்கிச்சு. பூட்டு திறக்க மாட்டேங்குது. கைப்பிடி சும்மா சுத்துதாம்."

சாவிக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கடவுளே இறங்கி வந்து வழி விட்டதுபோல் இருந்தது. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் கம்பிகளையும் சின்னக் குறடையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அட, அது என் தொழில் சார். ஒரு நிமிஷ வேலை. நான் போய்த் திறந்து விட்டுடறேன்."

எழுத்தரின் குடை மடியிலிருந்து கீழே விழுந்தது. "திறக்கறதா? அந்தப் பூட்டையா? யார்கிட்டயும் இப்படிப் பேசிடாதீங்க."

சாவிக்காரர் மாடிக்குப் போய்ப் பார்த்தார். கறுத்த தேக்குக் கதவு, பித்தளைத் தகடு, உருண்டைக் கைப்பிடி. திருப்பியதுமே நோய் புரிந்துவிட்டது: உள்ளே ஸ்பிரிங் வில் வளைந்துபோய்ப் பூட்டின் நாக்கு சிக்கிக்கொண்டிருக்கிறது. கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளிருந்து ஒரு நிதானமான குரல்.

"இருப்பிடச் சான்று சார். மகளோடது. கையெழுத்துக்கு."

"கதவுக்கு அடியில தள்ளுங்க."

தள்ளினார். பேனா ஓடும் சத்தம் கேட்டது. இரண்டே நிமிடத்தில் தாள் கையெழுத்தோடு வெளியே வந்தது. இந்தச் சான்றுக்காக இரண்டு மாதம் நடந்த கால்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஓட்டமாகக் கீழே வந்து எழுத்தரிடம் நீட்டினார். எழுத்தர் முத்திரையைக் கையில் எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார்.

"கையெழுத்துப் போட்டவரை நேர்ல பார்த்துட்டுத்தான் முத்திரை குத்தணும். விதி பதினொண்ணு."

"கையெழுத்து அவரோடதுதானே சார்?"

"இதுக்கு முன்னாடி இருந்த அதிகாரி ஓய்வு பெற்றுப் போன பிறகும் நாலு மாசம் அவர் கையெழுத்து வந்துக்கிட்டே இருந்தது. அப்ப போட்ட விதி. முகம் தெரியணும்."

"போன்ல முகம் பார்த்துப் பேசலாமே?"

"விதியில 'நேரில்'னு போட்டிருக்கு. போன்ல இருந்தா நேரா?"

சாவித்துவாரம் வழியாகப் பார்க்கலாம் என்றார் சாவிக்காரர். அதற்கு எழுத்தர் இணங்கினார். கெட்ட மனிதர் இல்லை. மாடிக்கு வந்து, மூச்சு வாங்கக் குனிந்து, துவாரத்தில் கண் வைத்தார். உள்ளேயிருந்து அதிகாரியும் கண் வைத்தார். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"கண்ணு மட்டும்தான் தெரியுது" என்று நிமிர்ந்தார் எழுத்தர். "வெறும் கண்ணை வச்சுக்கிட்டு யாரோடதுன்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு என் வேலை போயிடும்."

அதற்குள் மரபுக் காப்பாளர் அம்மா வந்துவிட்டார். வெள்ளைக் கையுறை, கழுத்தில் பூதக்கண்ணாடி, தோளில் கேமரா. பாரம்பரியத் துறை அந்த வீட்டுக்கென்றே அவரை நியமித்திருந்தது. கதவின் பக்கத்தில் நின்று, தூங்கும் குழந்தையைப் படம் எடுப்பதுபோல் பூட்டைப் பல கோணங்களில் படம் எடுத்தார். பிறகு சாவிக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் இதைத் தொட்டீங்களா?"

"கைப்பிடியை மட்டும் திருப்பினேன் மேடம்."

"இந்தப் பூட்டுக்கு நூத்தி நாப்பது வயசு. உங்களுக்கு?"

"ஐம்பத்திரண்டு."

"அப்ப யாருக்கு யார் மரியாதை தரணும்?"

சாவிக்காரர் பூட்டைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டிவைத்தார். பாரம்பரியப் பொருளைத் தொடுவதற்குப் படிவம் ஏழு இருக்கிறது என்றும், அதில் அந்த அறையின் பொறுப்பாளர் கையெழுத்திட்டால் ஆட்சேபம் இல்லை என்றும் அம்மா சொன்னார். அறையின் பொறுப்பாளர் உள்ளே இருப்பவர். படிவம் கதவுக்கடியில் போனது, கையெழுத்தோடு வந்தது. சாவிக்காரர் கம்பியை எடுத்தார்.

"முத்திரை எங்கே?" என்றார் அம்மா.

எல்லோரும் எழுத்தரைப் பார்த்தார்கள். எழுத்தர் கூரையைப் பார்த்தார். "முகம் தெரியணும்" என்றார்.

பதினொரு மணிக்குச் சாப்பாட்டு அறையில் அவசரக் குழு கூடியது. பதினெட்டுப் பேர் உட்காரும் மேசை, பதினெட்டு நாற்காலிகள். எல்லாம் அசல் என்பதால் எதிலும் யாரும் உட்காரக் கூடாது. ஆளுக்கொரு நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டு விவாதித்தார்கள். சாவிக்காரர் வாசலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முதல் பொருள், உள்ளே இருக்கும் அதிகாரியின் நிலை என்ன என்பது.

மரபுக் காப்பாளர் அம்மா ஒரு பட்டியலை விரித்தார். "பெரிய படுக்கையறைப் பொருள்கள்: தூண் வைத்த கட்டில் ஒண்ணு, அலமாரி ரெண்டு, நிலைக்கண்ணாடி ஒண்ணு, கழுவு கிண்ணம் ஒண்ணு. இதுல அதிகாரி இல்ல. அதனால எங்க துறையைப் பொறுத்தவரை அவர் அங்க இருக்கறது ஆக்கிரமிப்பு."

"காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாமா?" என்று கேட்டார் ஒருவர்.

கொடுத்தார்கள். கதவுக்கடியில் போன நோட்டீஸ், "பெற்றுக்கொண்டேன், ஏழு நாள் அவகாசம் தேவை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

அவருடைய பசியைப் பற்றியும் பேசப்பட்டது. கதவுக்கும் தரைக்கும் இடையில் போகக்கூடிய ஒரே உணவு பிஸ்கட் என்று அளந்து கண்டுபிடித்தார்கள். மெல்லிய வகையாக வாங்கி வந்து காவலாளி ஒவ்வொன்றாக உள்ளே சுண்டிவிட்டார். அதிகாரியை ஜன்னல் வழியாக இறக்கலாம் என்று யோசனை சொன்ன தீயணைப்புக்காரர், கண்ணாடியின் வரலாற்றை முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு ஏணியோடு திரும்பிப் போனார்.

பிற்பகல் ஒரு மணிக்குக் கட்டடப் பொறியாளர் ஒரு தீர்வோடு வந்தார். படுக்கையறைக்கும் குழந்தைகள் அறைக்கும் நடுவில் இருக்கும் சுவர் இருபது வருடத்துக்கு முன்னால் எழுப்பியது என்று அவருடைய வரைபடம் சொன்னது.

"பூட்டுதான் அவங்களோடது. சுவர் நம்ம சுவர். இடிச்சிடலாம்."

"சார்" என்றார் சாவிக்காரர் தயங்கித் தயங்கி. "ஒரு கம்பி விட்டா நாக்கு நகர்ந்துடும். அதுக்கு ஒரு சுவரை இடிக்கணுமா?"

பொறியாளர் அவர் தோளில் கை போட்டார். "உங்க ஆர்வம் எனக்குப் புரியுது. ஆனா நீங்க சொல்றது சின்ன வேலை. சின்ன வேலைக்கு எங்ககிட்ட ஒதுக்கீடு இல்ல. பெரிய வேலைக்குத்தான் இருக்கு."

பிறப்பு இறப்புப் பிரிவு அரைநாள் மூடப்பட்டது. அதற்குள் பிறந்தவர்களும் இறந்தவர்களும் மறுநாள் வரச் சொல்லப்பட்டார்கள். நான்கு ஆட்கள் சம்மட்டியோடு வந்து சுவரின் பூச்சை உடைத்தார்கள். பூச்சு பெயர்ந்ததும் பென்சில் கோடுகள் தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது பிள்ளைகளின் உயரம், தேதி போட்டு. வரைபடம் பொய், சுவர் அசல். மரபுக் காப்பாளர் அம்மா "நிறுத்துங்க!" என்று போட்ட சத்தத்தில் குளியலறையிலிருந்து ஓய்வூதிய மேடம் ஓடி வந்துவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து சுவரையும் தொடக்கூடாது என்று ஆயிற்று. காலையில் ஒரு பூட்டோடு இருந்த சிக்கல் இப்போது ஒரு சுவரும் சேர்ந்து பெருத்திருந்தது.

மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, இன்னுமா ஆகல? எனக்கு முன்னால நாலே பேருதான் இருக்காங்க."

"கையெழுத்து ஆயிடுச்சும்மா. முத்திரைதான். அவர் முகம் தெரியணுமாம்."

"யார் முகம்? என்னப்பா சொல்றீங்க? உடம்பு ஏதாவது சரியில்லையா?"

சாவிக்காரரால் அதற்குமேல் விளக்க முடியவில்லை. வாழ்நாளில் எத்தனையோ பூட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்; ஒன்றுகூட அவரை இப்படிக் கையைப் பிசைய வைத்ததில்லை. படியில் உட்காரலாம் என்றால் படியும் அசல். நின்றுகொண்டே இருந்தார்.

மூன்று மணிக்கு இயக்குநர் வந்தார். காரிலிருந்து இறங்கியதும் செய்தி கேட்டு, நேரே மாடிக்கு ஏறி, படுக்கையறைக் கதவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தாழ்வாரத்தில் கூடியிருந்தவர்களிடம் பேசினார்.

"இந்த அலுவலகத்தின் கதவு மக்களுக்காக எந்நேரமும் திறந்தே இருக்கிறது. வந்த காரியம் முடியாமல் நாங்கள் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. கீழே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் பாருங்கள், அவர்களில் சிலரை நான் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரையாவது அனுப்பியிருக்கிறோமா? உள்ளே இருக்கும் நம் அதிகாரி காலையிலிருந்து இருக்கையை விட்டு நகரவில்லை. இந்தக் கடமையுணர்ச்சியை மற்றவர்களும் பின்பற்ற வேண்டும்."

கைதட்டல் ஓய்ந்ததும் சாவிக்காரர் முன்னால் வந்து கும்பிட்டார். "சார், நான் பூட்டு ரிப்பேர் பார்க்கறவன். எனக்கு ஒரு நிமிஷம் கொடுத்தா…"

"சாவி இருக்கா?"

"இல்ல சார். சாவி இல்லாமத்தான் திறப்பேன்."

இயக்குநரின் புருவம் உயர்ந்தது. "சாவி இல்லாம அடுத்தவங்க கதவைத் திறக்கறது எத்தனை வருஷமா நடக்குது?"

"இருபத்தாறு வருஷமா சார்."

"போலீஸுக்குத் தெரியுமா?"

"அவங்க ஸ்டேஷன் பீரோவையே நான்தான் சார் திறந்து கொடுத்தேன்."

இயக்குநர் தொழில் தகுதிச் சான்று இருந்தால் பரிசீலிக்கலாம் என்றார். அந்தச் சான்று எங்கே வாங்குவது என்று சாவிக்காரர் கேட்டார். இயக்குநர் கதவின் மேலிருந்த கையை எடுக்காமலே, ஒரு விரலால் அதைத் தட்டிக் காட்டினார்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு மகள் வந்து சேர்ந்தாள். வரிசையில் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு தோழியை நிறுத்திவிட்டு, வியர்வையும் கோபமுமாகப் படியேறி வந்தாள். அப்பா சுருக்கமாகச் சொன்னதைக் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டு கதவைப் பார்த்தாள். பிறகு மரபுக் காப்பாளர் அம்மாவிடம் போனாள்.

"மேடம், ஒரு சந்தேகம். இந்த வீட்ல எல்லாம் அந்தக் காலத்துல இருந்த மாதிரியே இருக்கணும், இல்லையா?"

"இருந்த மாதிரியேதான்."

"அந்தக் காலத்துல இந்தப் பூட்டு மாட்டிக்கிட்டா என்ன பண்ணினாங்க?"

இந்தக் கேள்வியை அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை. கையுறையைச் சரிசெய்துகொண்டு நூலக அறைக்கு விரைந்தார். பத்து நிமிடம் கழித்து, சர்க்கரை வியாபாரியின் வீட்டுக் குறிப்புப் புத்தகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். வாசித்தார்.

"மார்ச் மூன்று. பெரிய படுக்கையறைப் பூட்டு மாட்டிக்கொண்டது. எஜமானி உள்ளே. கடைத்தெருப் பூட்டுக்காரனை வரவழைத்தோம். பின்படி வழியாக வந்தான், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தான், தாமதமாக வந்ததற்கு எஜமானரிடம் திட்டு வாங்கினான், கம்பியால் திறந்தான்."

"இது மரபு" என்றார் அம்மா, கண் கலங்க. "இவர் திறக்கலாம்னு இல்ல. இவர்தான் திறந்தாகணும். படிவமே வேண்டாம்."

அதன்பிறகு ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. சாவிக்காரரைக் கீழே இறக்கி, வீட்டைச் சுற்றி அழைத்துப்போய், வேலைக்காரர்களுக்கென்று கட்டிய குறுகலான பின்படி வழியாக மறுபடி ஏற்றினார்கள். அவரிடம் தொப்பி இல்லை. காவலாளியின் தொப்பியை அவர் தலையில் வைத்து, உடனே கழற்றச் சொன்னார்கள். திட்டுகிற பொறுப்பு பதவி வரிசைப்படி இயக்குநருக்கு வந்தது. அவருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

"ஏன்யா இவ்வளவு நேரம்? உனக்காக வேலையை விட்டுட்டு எத்தனை பேர் நிக்கறாங்க பார்! பொறுப்பு வேண்டாம்?"

காலை ஒன்பதரையிலிருந்து அங்கேயே நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் பல்லைக் கடிக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. தொப்பியை அவளிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டார், கம்பியை விட்டார், காதைக் கதவில் வைத்தார். நாற்பது விநாடி. பூட்டு 'டக்' என்றது. கதவு திறந்தது.

உள்ளே கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நெருக்கிப் போட்ட மேசையில், சட்டையில் பிஸ்கட் தூளோடு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் கட்டில் உயரத்துக்குக் கோப்புகள் அடுக்கியிருந்தன. ஆறு வருடப் பாக்கி. அத்தனையிலும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

எழுத்தர் வாசலில் நின்று அவர் முகத்தை நேராகப் பார்த்தார். ஒருமுறை பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். பிறகு தாளைச் சுவரில் வைக்கப் போய், அம்மாவின் பார்வையைக் கண்டு, தன் தொடைமேல் வைத்து முத்திரையைக் குத்தினார். மணி நாலு முப்பத்தெட்டு. மகள் தாளைப் பறித்துக்கொண்டு, அசல் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினாள். காவலாளியின் தொப்பியும் அவள் கையோடு போய்விட்டது.

சாவிக்காரர் ஜன்னலோரம் போய் நின்றார். வேறு எதுவும் அவர் காதில் விழவில்லை. நாலு ஐம்பத்துநாலுக்குப் போன் அடித்தது.

"அப்பா! வாங்கிக்கிட்டாங்கப்பா! கடைசி ஆள் நான்தான். சீட்டு எனக்குத்தான்!"

"சரிம்மா" என்றார். வண்ணக் கண்ணாடி வழியாகத் தெரு சிவப்பும் நீலமுமாகக் கலங்கித் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, மரபுக் காப்பாளர் அம்மா கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு கதவையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சரியில்லையே" என்றார். "காலைல நான் பதிவு பண்ணின நிலையில கதவு பூட்டியிருக்கு. படம் தலைமையகத்துக்குப் போயாச்சு. பாரம்பரியப் பொருளை வேலை முடிஞ்சதும் பதிவு பண்ணின நிலைக்கே கொண்டுவரணும்."

"அதாவது?" என்றார் இயக்குநர்.

"பூட்டணும்."

"அதிகாரி?"

அம்மா படத்தை உற்றுப் பார்த்தார். "படத்துல அவர் வெளிய இல்ல."

எல்லோரும் அதிகாரியைப் பார்த்தார்கள். சண்டை போடுவார், குறைந்தபட்சம் சங்கத்தைக் கூப்பிடுவார் என்று சாவிக்காரர் நினைத்தார். அதிகாரி வெளியே வந்து, தாழ்வாரத்தில் நின்ற குழுவை, அதன் கையிலிருந்த படிவங்களை, மறுநாள் கூட்டத்துக்கான அழைப்பை நிதானமாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாவிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. பூட்டைச் சரிபார்ப்பதுபோல் உள்ளே குனிந்து, வளைந்திருந்த வில்லைக் குறடால் நிமிர்த்தி உட்கார வைத்தார். வெளிப்பிடி முன்போலவே சும்மா சுற்றியது. உள்பிடி மட்டும் வெண்ணெய்போல் திரும்பியது. கதவைச் சாத்துவதற்கு முன், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"சார், உள்ளேருந்து லேசா இடது பக்கம் திருப்புங்க. திறந்துக்கும்."

அதிகாரி அடுத்த கோப்பைப் பிரித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

"மெதுவாப் பேசுங்க" என்றார். "யாருக்காவது தெரிஞ்சா உள்ள வந்துடப் போறாங்க."